மருந்து உறையில் வருமான வரி

"வரிக்கோப்பு திறந்து தரப்படும், ரின் இலக்கம் உடன் பெற்றுத்தரப்படும்" என்ற அறிவித்தல் யாழ்ப்பாணத்தில் இப்போது எதிர்பாராத இடங்களிலெல்லாம் கண்ணில் படுகிறது. கொமினிகேசன் கடைக் கதவில் அது இருப்பதில் வியப்பில்லை. ஆனால் சலூன் கண்ணாடியின் ஓரத்திலும், சனசமூக நிலையத்துப் பத்திரிகைகளுக்கு நடுவே செருகிய துண்டுப் பிரசுரத்திலும், உயர்தர இரசாயனவியல் வகுப்புக்கான சுவரொட்டிக்குப் பக்கத்தில் ரியூசன் மதிலிலும் அதே வாசகத்தைக் கண்ட பிறகு, இந்த இடங்களை யார், எதை நினைத்துத் தெரிவு செய்கிறார்கள் என்று யோசிக்கத் தொடங்கினேன். ரியூசன் மதிலில் ஒட்டியவருக்கு வேறு இடம் கிடைக்கவில்லை என்றுதான் நினைக்கிறேன்.

பின்னணி எல்லோருக்கும் தெரிந்ததுதான். 18 வயதைக் கடந்தவர்கள் உள்நாட்டு இறைவரித் திணைக்களத்தில் பதிவுசெய்து வரி செலுத்துநர் அடையாள இலக்கம், அதாவது அந்த ரின் (TIN) இலக்கம், பெறவேண்டும் என்ற அறிவிப்பு 2024 ஜனவரியிலிருந்து நடைமுறைக்கு வந்தது. அதுவரை வருமான வரி என்பது வைத்தியருக்கும் பெரிய வியாபாரிக்கும் உரிய தலைவலி என்று எண்ணியிருந்த ஊரில், அது ஒவ்வொரு வீட்டு வாசலுக்கும் வந்துவிட்டது. ஒரு மதிப்பீட்டு ஆண்டு மார்ச் 31இல் முடிய, அதற்குரிய வருமான விபரத்திரட்டை நவம்பர் 30க்குள் கொடுக்க வேண்டும் என்பதால், ஐப்பசி மழையோடு இந்தச் சுவரொட்டிகளும் பெருகுகின்றன.

இவற்றுள் என்னை நிறுத்திவைத்தது மருந்தகத்தில் மாத்திரை போட்டுக் கொடுக்கும் சிறிய கடதாசி உறை. முன்பக்கத்தில் காலை, மதியம், இரவு என்ற கட்டங்கள். பின்பக்கத்தில் வரி ஆலோசனைக்கான தொலைபேசி இலக்கம். இடத்தைத் தெரிவு செய்தவர் கெட்டிக்காரர். பிரஷருக்கும் சீனி வருத்தத்துக்கும் மாதாமாதம் மாத்திரை வாங்குகிறவர்களும், வங்கியில் நிலையான வைப்பு வைத்திருப்பவர்களும் எங்கள் ஊரில் பெரும்பாலும் ஒரே ஆட்கள்தான்: ஓய்வுபெற்றவர்கள், பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்கத் தனியாக வாழ்பவர்கள். 2025 ஏப்ரலில் வைப்பு வட்டியில் பிடிக்கப்படும் வரி 5 வீதத்திலிருந்து 10 வீதமாக உயர்ந்தபோது முதலில் கலங்கியவர்களும் இவர்களே. பத்து இலட்சம் ரூபாய் வைப்புக்கு ஆண்டுக்கு 8 வீத வட்டி என்று வைத்துக்கொண்டால், கிடைக்கும் 80,000 ரூபாயில் 8,000 ரூபாய் வங்கியிலேயே கழிந்துவிடும்; வட்டியை நம்பி மருந்து வாங்குகிறவருக்கு அது சிறிய தொகை அல்ல.

அந்த உறை சொல்லாத செய்தி ஒன்று உண்டு. அதே 2025 ஏப்ரலிலிருந்து தனிநபருக்கான ஆண்டு வரிவிலக்கு 12 இலட்சத்திலிருந்து 18 இலட்சமாக உயர்ந்தது. அதாவது மாதத்துக்கு 150,000 ரூபாய். ஆண்டு வருமானம் அந்த எல்லையைத் தாண்டாதவர் தமது ரின் இலக்கத்தோடு ஒரு சுயபிரகடனப் படிவத்தை வங்கியில் கொடுத்தால், வட்டியில் வரி பிடிக்காமல் விடுவதற்கு ஏற்பாடு இருக்கிறது. ஆக, இந்த முதியவர்களுள் பலருக்கு ரின் இலக்கம் தேவைப்படுவது வரி கட்டுவதற்காக அல்ல, கட்டாமல் இருப்பதற்காக. இலக்கம் எடுத்தால் மறுநாளே வரிக்காரர் படலையைத் தட்டுவார் என்று அஞ்சிப் பேசாமல் இருப்பவர்களை நானே அறிவேன். விளம்பரங்களும் அந்தப் பயத்தைத் தணிப்பதில்லை; "தண்டப்பணத்தைத் தவிர்த்துக்கொள்ளுங்கள்" என்ற வரியைத் தடித்த சிவப்பு எழுத்தில் போட்டு அதை வளர்க்கின்றன.

இலக்கம் பெறுவதற்குத் திணைக்களம் கட்டணம் எதுவும் அறவிடுவதில்லை. இணையத்தில் நாமே பதிவுசெய்யலாம். கணினி தெரியாத ஒருவருக்காக அரை மணித்தியாலம் செலவிடுபவர் கூலி கேட்பதை நான் குறை சொல்லமாட்டேன். எனக்கு உறுத்துவது வேறு. தெரிந்த அம்மா ஒருவருக்குப் பதிவுசெய்து கொடுத்த கடைக்காரர், அவரிடம் மின்னஞ்சல் இல்லை என்பதற்காகத் தமது முகவரியையே படிவத்தில் கொடுத்திருந்தார். இனித் திணைக்களம் அனுப்பும் மின்னஞ்சல்கள் அந்தக் கடைக்குப் போகும். கடை பூட்டப்பட்டால் எங்கே போகும் என்று தெரியாது. பதிவு செய்விக்கிறவர்கள் பேரப்பிள்ளையின் மின்னஞ்சலையாவது கொடுக்கவேண்டும். கடவுச்சொல்லை எழுதி வாங்கிக்கொண்டு வரவும் வேண்டும்.

பல தொழில்களிலிருந்து வருமானம் உள்ளவர்களுக்கும், வெளிநாட்டு நிறுவனங்களுக்கு வீட்டிலிருந்து வேலை செய்யும் இளைஞர்களுக்கும் தகுதியுள்ள கணக்காளர் தேவைதான். அவர்கள் மருந்து உறையைப் பார்த்து ஆள் தேடப்போவதில்லை. உறையைப் பார்க்கிறவருக்கு வேண்டியது, "முதலில் உங்கள் வங்கியில் சுயபிரகடனப் படிவத்தைக் கேளுங்கள்" என்ற ஒரே வரி. அதை அச்சடிக்க அந்தச் சிறிய கடதாசியில் தாராளமாக இடமிருக்கிறது. அச்சடித்தால் அழைப்பவர்களில் பாதிப் பேர் குறைந்துவிடுவார்கள் என்பதும் விளம்பரம் கொடுத்தவருக்குத் தெரியும்.