கறுப்புப் பலகையும் கண்ணாடி அலுமாரியும்

வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கமாக எங்கள் ஃபிளாட், அதில் எல்லோரும் சாமான் போட்டு வைக்கிற ஒரு அறை. அதை ஹோம் தியேட்டர் ஆக்குவது என்று முடிவாகி புரொஜெக்டர், ஸ்பீக்கர் எல்லாம் வந்து இறங்கிவிட்டன, வராதது தச்சுவேலை பாஸ் மட்டும்தான். கொழும்பில் வீட்டுவேலை செய்வித்தவர்களுக்கு "ஹெட்ட என்னம்" என்ற சிங்களம் தெரியாமல் இருக்காது: நாளைக்கு வருவார், எந்த நாளைக்கு என்பது அவருக்கே தெரியாது. சரி, ஸ்கர்ட்டிங் (சுவரடிப் பட்டி), திரைக்குச் சட்டம், கூரையோரப் பட்டி, இவ்வளவுதானே, நானே அடிக்கிறேன் என்று பலகை வாங்கப் பழைய சோனகத் தெருவுக்குக் கிளம்பினேன்.

எட்டடிக்கு நாலடி எம்டிஎஃப் (மரத்தூளை அழுத்திச் செய்த பலகை) ஷீட், 18 மில்லிமீற்றர் என்றால் ஒன்றே 40 கிலோ வரும். கடையிலேயே பட்டிகளாக அறுத்து வாங்கி, கீழே கார் நிறுத்துமிடத்தில் வைத்து, கடற்காற்றில் ஊதாமலிருக்க வெட்டு விளிம்புக்கெல்லாம் சீலர் பூசி, மேலே பளபளப்பில்லாத கறுப்பு அடித்தேன். (சுற்றிவர வெள்ளையாக இருந்தால் வெளிச்சம் திரும்பித் திரையில் பட்டுப் படம் வெளிறிவிடும்.) காய்ந்ததும் தோளில் வைத்துப் படியேறுகிறேன், இரண்டாம் மாடி அன்ரி கதவைத் திறந்தவர் பலகையைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார், குரலைத் தாழ்த்தி, "ஆர் தம்பி மோசம் போனது?"

"இல்லை அன்ரி, இது தியேட்டருக்கு."

"ஐயோ, ஒப்பரேசன் தியேட்டரிலேயோ?"

அன்று பின்னேரமே அவர் மகளோடு துக்கம் விசாரிக்க வந்துவிட்டார். தேத்தண்ணி கொடுத்து அனுப்பினோம்.

அடுத்தது மூலை. ஒரு சுவரில் மூன்றடி, மற்றதில் நான்கடி குறித்து இடையில் டேப் பிடித்தால் சரியாக ஐந்தடி வரவேண்டும். வந்தது ஐந்தடி ஓரங்குலம், அதாவது மூலை 90 பாகை இல்லை, 92. கட்டினவர் இப்போது எங்கே இருக்கிறாரோ, நன்றாக இருக்கட்டும். 45 பாகையில் வெட்டிய இரண்டு பட்டியும் கோபித்துக்கொண்ட சம்பந்திகள் மாதிரி ஆளுக்கொரு பக்கம் விலகி நின்றன. இதற்கு வழி, ஒரு பட்டியை நேராகச் சுவரில் முட்ட விட்டு, மற்றதின் நுனியைப் பின்பக்கமாகச் சரித்து, முதல் பட்டியின் வளைவுக்கேற்ப மெல்லிய வாளால் குடைந்து பொருத்துவது. மூலை கொஞ்சம் கோணலென்றாலும் ஒட்டி உட்காரும். பக்கத்தில் கதிரை போட்டிருந்த மாமா, "பாஸ் எண்டால் இதுக்குள்ள முடிச்சிருப்பார்" என்றார். எந்த பாஸ் என்று நான் கேட்கவில்லை.

துரு பிடிக்காத ஸ்ரெயின்லெஸ் ஆணி அடித்து, ஃபில்லர் நிரப்பி, அடித்தொனிக்கான பெரிய ஸ்பீக்கரான சப்வூஃபரைப் போட்டால் எங்கேயோ "ஙீ" என்று ஒரு இரைச்சல். போனில் ஒரு ஆப்பை வைத்து சத்தத்தின் அதிர்வெண்ணை 20 ஹேர்ட்ஸிலிருந்து மெதுவாக ஏற்றினேன். 40 தாண்டும்போது வந்தது. மனைவி ஒரு பட்டியை அமத்த, மாமா கைத்தடியால் கூரையோரத்தை முட்டுக்கொடுக்க, சத்தம் நிற்கவில்லை. கடைசியில் பார்த்தால் அது ஹோலில், மாமியின் கண்ணாடி அலுமாரிக்குள், கலியாணத்துக்கு வந்து இன்றுவரை தேத்தண்ணி காணாத கோப்பைகளும் சோசர்களும்.

வேறிடம் மாற்றலாமா என்று கேட்டேன். "என்ர கோப்பை இவ்வளவு நாளும் சத்தம் போடேல்ல, உங்கட பெட்டிதான் போடுது" என்றார் மாமி.

இப்போது கோப்பைக்கும் சோசருக்கும் நடுவில் வைக்க ஃபெல்ட் துணியை வட்டம் வட்டமாக வெட்டிக்கொண்டிருக்கிறேன். நிறம் சிவப்பாக இருக்கவேண்டுமாம்.