பாதி சூரியன் எந்த வேளை?

எங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் தொற்றா நோய்ப் பிரிவுக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் 60 வயதைக் கடந்தவர்கள். பலருக்குச் சுகர், பிரஷர் இரண்டுமே இருக்கும். மெட்ஃபார்மின், அம்லோடிபின் மாத்திரைகளோடு, படம் போட்ட அறிவுரைத் தாளும் கொடுப்போம். படிக்கத் தெரியாதவர்களை மனதில் வைத்து வரைந்த படங்கள். ஆனால் படத்தைப் பார்த்துப் பொருள் சொல்வதற்கும் பழக்கம் வேண்டும். செவிலியராக இந்த மேசையில் உட்கார்ந்த பிறகுதான் அது எனக்குப் புரிந்தது.

வேளையைக் காட்டும் சூரியனையே எடுத்துக்கொள்ளுங்கள். மலைமேல் பாதி சூரியன் தெரிந்தால் காலை என்று நினைத்து வரைந்திருக்கிறார்கள். "பொழுது எறங்கறப்ப ஒண்ணு போடணுமா கண்ணு?" என்று ஒரு பாட்டி கேட்டார். அவர் கேட்டதில் என்ன தப்பு? தாளில் உதிக்கிற சூரியனும் மறைகிற சூரியனும் ஒரே மாதிரிதானே இருக்கின்றன. இப்போதெல்லாம் சூரியன், நிலா பற்றி நான் பேசுவதே இல்லை. காலைச் சாப்பாட்டுக்கு அப்புறம், ராத்திரிச் சாப்பாட்டுக்கு அப்புறம் என்று மட்டும் சொல்கிறேன்.

பாதப் பராமரிப்புத் தாளில் வேறொரு சிக்கல். வெறுங்காலோடு நடப்பவர் படத்தின் மேல் சிவப்பில் பெருக்கல் குறி இருக்கும். அச்சிட்ட தாள் தீர்ந்ததும் கருப்பு வெள்ளையில் நகல் எடுப்பார்கள். அதில் சிவப்புக் குறி மங்கி, வெறுங்காலோடு நடக்கும் மனிதர் மட்டும் பளிச்சென்று தெரிவார். செய்யக்கூடாததைச் செய்யச் சொல்வதுபோல ஆகிவிடுகிறது. கால் உணர்ச்சி குறைந்த சர்க்கரை நோயாளிக்கு இது சின்ன விஷயமில்லை. தடுக்க வேண்டியதை வரைவதைவிட, செருப்பு போட்ட காலை வரைந்தாலே போதும் என்பது என் கருத்து.

கண்ணையும் யோசிக்க வேண்டும். வயதாக ஆக விழிலென்ஸ் மஞ்சளாகிறது. நீலமும் பச்சையும் பிரித்தறிவது கடினமாகிறது. பச்சைப் பின்னணியில் நீல எழுத்து அழகாக இருக்கலாம், எழுபது வயதுக் கண்ணுக்கு உதவாது. பளபளப்பான தாளும் அப்படித்தான், கண்ணைக் கூசும்.

"புரிஞ்சுதாங்க?" என்று கேட்டால் எல்லோரும் "சரிங்கம்மா" என்பார்கள். மரியாதைக்காகச் சொல்கிற சரி அது. அதனால், "வீட்டுக்குப் போய் மருமகளிடம் எப்படிச் சொல்வீங்க?" என்று கேட்கிறேன். அப்போதுதான் புரிந்ததும் புரியாததும் வெளியே வரும்.

இன்சுலினில் இதை விட்டுவிடவே முடியாது. ஒரு மில்லிலிட்டரில் 40 யூனிட் இருக்கும் மருந்துக்கான 40 யூனிட் சிரிஞ்சுக்குச் சிவப்பு மூடி, 100 யூனிட் இருக்கும் மருந்துக்கான 100 யூனிட் சிரிஞ்சுக்கு ஆரஞ்சு மூடி. பார்வை மங்கியவருக்கு இரண்டு நிறமும் ஒன்றுபோலத் தெரியலாம். வெளிநாட்டில் இருக்கும் பிள்ளை கொண்டுவந்த 100 யூனிட் மருந்தை 40 யூனிட் சிரிஞ்சில் அதே கோடு வரை ஏற்றினால், உடலில் இறங்குவது இரண்டரை மடங்கு. சர்க்கரை தாழ்ந்து மயக்கமே வந்துவிடும். எந்தத் தாளிலும் இதற்குப் படம் நான் பார்த்ததில்லை. ஆகவே வீட்டிலுள்ள மருந்துக் குப்பியையும் சிரிஞ்சையும் எடுத்துவரச் சொல்லி, இரண்டிலும் உள்ள எண்ணை அவர்களோடு சேர்ந்தே பார்த்துவிடுகிறேன்.