கைப்பிடியை ஒளித்து வைத்த நாட்கள்

2024 ஜனவரி 5, வெள்ளி

மொறிஸ் மைனர் வண்டியைச் சுற்றிக் கிளப்பும் கைப்பிடியைத் துடைத்து, சாக்கில் சுற்றி, நெல் மூட்டைகளுக்குப் பின்னால் வைத்துவிட்டேன். அம்மாவுக்குச் சொல்லவில்லை.

ஜனவரி 6, சனி

காலையில் வண்டியின் ஸ்டார்ட்டர் குமிழை இழுத்துப் பார்த்தேன். ‘டக்’. அவ்வளவுதான். முன் லைட்டைப் போட்டுவிட்டு இன்னொரு தடவை இழுத்தேன். வெளிச்சம் மங்கிச் சிவந்து, விட்டதும் பழையபடி வந்தது. மங்கினால் ஸ்டார்ட்டர் மோட்டர் இறுகியிருக்கிறது, மங்காவிட்டால் வயரைப் பார் என்பது அப்பாவின் பாடம். அப்படியென்றால் மோட்டர்தான்.

மூன்று வாரமாக இதே ‘டக்’. மூன்று வாரமாக அப்பா கைப்பிடி போட்டுத்தான் சுற்றினார். “பொங்கலுக்குப் பிறகு ஸ்டார்ட்டரைக் கழட்டுவம்” என்றார். நானும் சரி என்று சொல்லிவிட்டு, தேத்தண்ணியோடு வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். எழுபத்தொரு வயது.

இன்று ஆஸ்பத்திரி வார்ட்டில் அப்பா கண் திறந்து பார்த்தார். பேசவில்லை.

ஜனவரி 7, ஞாயிறு

நாலாம் கியரில் விட்டு, நானும் பக்கத்து வீட்டுத் தம்பியும் வண்டியை முன்னும் பின்னும் ஆட்டினோம். உள்ளே ஏதோ விடுபட்டது. பிறகு இழுத்தால் மோட்டர் மட்டும் தனியாக ‘ஊய்ங்’ என்று சுற்றுகிறது, எஞ்சின் அசையவே இல்லை. இது ‘டக்’கை விடப் பயமான சத்தம்.

ஜனவரி 9, செவ்வாய்

கோண்டாவிலில் இருந்து மெக்கானிக் அண்ணை வந்தார். வந்ததும் பொனற்றில் கையை வைத்து ஒரு நிமிடம் நின்றார். “உங்கட அப்பாவிட்டத்தான் நான் பிளக் கழட்டப் பழகினது” என்றார். நான் உள்ளே போய் முகம் கழுவிவிட்டு வந்தேன்.

முதலில் பற்றரி வயரைக் கழற்றினார். மொறிஸ் மைனரில் நேர்முனைதான் பாடியோடு போகும். மற்ற வாகனங்களில் பழகியவர்கள் மாற்றிக் கொடுத்துவிடுவார்களாம். “ஸ்டார்ட்டர் எப்படிக் குடுத்தாலும் ஒரே பக்கம்தான் சுத்தும். டைனமோவுக்குத்தான் ஆபத்து.” பிறகு பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பிரித்துக் கொடுக்கிற டிஸ்ட்ரிபியூட்டரைக் கழற்றி எடுத்தார், அது இருந்தால் கை போகாது. மோட்டரைப் பிடித்திருப்பது இரண்டே போல்ட். மேல் போல்ட் ஐந்து நிமிடம். கீழ் போல்ட்டை நான் நிலத்தில் படுத்துக் கழற்றினேன், ஒரு மணித்தியாலத்துக்கு மேல் போயிற்று. 1960 ஆம் ஆண்டு வண்டி, அந்தப் போல்ட்டை எத்தனை பேர் கழற்றியிருப்பார்களோ, தலை உருண்டு போயிருக்கிறது.

வெளியே எடுத்ததும் பினியன் என்ற சின்னப் பற்சக்கரத்தைக் காட்டினார். அது மறையோடி முன்னால் வந்து எஞ்சினின் பெரிய சக்கரமான பிளைவீலின் பல்லில் கொழுவ வேண்டும். கிளச் தூசியும் எண்ணெயும் சேர்ந்து களியாகி, பினியன் நகரவே இல்லை. “இதுக்கு ஒருநாளும் எண்ணெய் விடக்கூடாது தங்கச்சி, காய்ஞ்சு கிடக்கவேணும்.” மண்ணெண்ணெயில் கழுவினோம், பினியன் வழுக்கிக்கொண்டு ஓடியது. இதுதானா என்று எனக்குச் சந்தோசமாகிவிட்டது. ஆனால் மோட்டரைத் திறந்தால் தண்டைத் தாங்கும் பின் புஷ் தேய்ந்து, உள்ளே சுழலும் ஆர்மேச்சர் உள்சுவரில் உரசி, பளபளவென்று காயம். சுற்றுக் கம்பியும் கருகிக் கிடந்தது. வேறு மோட்டர்தான் தேட வேண்டும்.

டோர்ச் அடித்துப் பிளைவீல் பல்லையும் பார்த்தோம். எதிரெதிரே இரண்டு இடத்தில் மட்டும் தேய்வு. நாலு சிலிண்டர் எஞ்சின் நிற்கும்போது பெரும்பாலும் அந்த இரண்டு இடத்தில்தான் நிற்குமாம், அதனால் ஸ்டார்ட்டர் அங்கேயே கடிக்கிறது. மாற்றுவதென்றால் எஞ்சினை இறக்க வேண்டும். இப்போதைக்கு விட்டுவிட்டோம்.

ஜனவரி 10, புதன், இரவு

கையில் இருந்து மண்ணெண்ணெய் மணம் போகவில்லை. மூன்று தரம் சவுக்காரம் போட்டேன்.

1995 ஒக்ரோபர் 30, வலிகாமத்துச் சனம் எல்லாம் இடம்பெயர்ந்த நாள். எனக்கு ஆறு வயது. இந்த மொறிஸின் பின்பெட்டியில், அரிசி மூட்டைக்கும் அப்பம்மாவுக்கும் நடுவில் இருந்தேன். அந்தக் காலத்தில் வண்டிகள் மண்ணெண்ணெயில்தான் ஓடின. குளிர்ந்த எஞ்சினுக்கு மண்ணெண்ணெய் பற்றாது. கார்பரேட்டரில் கொஞ்சம் பெற்றோல் விட்டுக் கிளப்பி, சூடானபின் மாற்ற வேண்டும். எங்களிடம் இருந்தது ஒரு சின்ன மருந்துப் போத்தல் பெற்றோல். நிறுத்தினால் எஞ்சின் ஆறிவிடும், ஆறினால் அந்தப் போத்தல் முடிந்துவிடும். அதனால் அப்பா நிறுத்தவே இல்லை. வலிகாமம் முழுதும் ஒரே வீதியில், நாவற்குழிப் பாலத்தை நோக்கி, மழையில். சனம் நகர்ந்தால் நகர்ந்தோம், நின்றால் எஞ்சின் உறுமிக்கொண்டு நின்றது. விடிய விடிய அந்த நடுக்கம் என் முதுகில் இருந்தது. அது இருக்கும்வரை பயமில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

அந்தப் போத்தலை அம்மா கடைசிவரை மடியிலேயே வைத்திருந்தாராம். இன்றைக்குத்தான் சொன்னார்.

ஜனவரி 11, வியாழன்

அப்பா பேசினார். “மொறிஸ்?” என்று மட்டும். நிற்கிறது என்றேன். பொய் இல்லை.

ஜனவரி 12, வெள்ளி

கொழும்பில், பஞ்சிகாவத்தையில் ஒரு மோட்டர் இருக்கிறதாம். லூக்காஸ், இதே மாதிரி. 2020 இல் வாகன இறக்குமதியை நிறுத்தியதில் இருந்து பழைய சாமானுக்கு வைத்ததுதான் விலை. கொடுக்கிறேன் என்று சொல்லிவிட்டேன்.

ஜனவரி 13, சனி

பொங்கல் வியாபாரத்துக்கு வாழைக்குலை வெட்டியாகிவிட்டது. இதரையும் கதலியும். யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தைக்கு, பக்கத்து வீட்டு லான்ட்மாஸ்டர் உழவு இயந்திரத்தில் போயிற்று. முதல் தடவையாக எங்கள் குலை வேறொருவர் வண்டியில்.

அம்மா நெல் மூட்டையை இழுத்திருக்கிறார். கைப்பிடியைப் பார்த்தாரா தெரியவில்லை. ஒன்றும் கேட்கவில்லை. சாக்கு மட்டும் வேறு மாதிரி மடிந்திருக்கிறது.

ஜனவரி 15, திங்கள்

பொங்கவில்லை.

ஜனவரி 16, செவ்வாய்

இரவு பஸ்ஸில் மோட்டர் வந்தது. பழைய பேப்பரில் சுற்றி, குழந்தை மாதிரிப் பாரம். மடியில் வைத்துக்கொண்டு ஓட்டோவில் வந்தேன். பினியன் பற்களை எண்ணினோம், இரண்டிலும் ஒரே கணக்கு. பிரஷ் நாலும் நல்ல நீளம். பின் புஷ் மட்டும் புதிதாகப் போட வேண்டும். வெண்கல புஷ்ஷை ஒரு நாள் முழுக்க எஞ்சின் எண்ணெயில் ஊறவிட வேண்டுமாம், அப்போதுதான் எண்ணெயைக் குடித்துக்கொள்ளும். ஜாம் போத்தலில் போட்டு யன்னலில் வைத்திருக்கிறேன். போகும்போதும் வரும்போதும் பார்க்கிறேன்.

டொக்டர் வெள்ளிக்கிழமை சொல்வதாகச் சொன்னார். என்ன சொல்வார்?

ஜனவரி 17, புதன்

பின்னேரம் நாலு மணிக்கு மோட்டர் ஏறியது. கீழ் போல்ட்டுக்குப் புதியது, நானே முடுக்கினேன். அண்ணை டிஸ்ட்ரிபியூட்டரைப் பழைய அடையாளத்தில் வைத்து இறுக்கினார். பற்றரி. சோக்.

“நீங்களே இழுங்கோ.”

இரண்டு சுற்று. மூன்றாவதில் பிடித்தது. அம்மா குசினியில் இருந்து ஓடி வந்து பொனற்றைத் தொட்டார். நான் போனில் ஒரு நிமிடம் பதிவு செய்துகொண்டேன், கை நடுங்கியதில் படம் முழுக்க நிலம்தான், சத்தம் இருக்கிறது.

ஜனவரி 18, வியாழன்

பார்வையாளர் நேரத்தில் போனை அப்பாவின் காதோடு வைத்தேன். கண்ணை மூடிக் கேட்டார். முடிந்ததும் “திருப்பிப் போடு” என்றார். இரண்டாம் தடவை நெற்றி சுருங்கியது.

“டிஸ்ட்ரிபியூட்டரைக் கழட்டினியளே?”

ஓம் அப்பா.

“டைமிங் கொஞ்சம் பிந்திக் கிடக்கு. கிளம்பைத் தளர்த்திப்போட்டு, ஒரு மயிரிழை திருப்பு. கூடத் திருப்பாத.” இவ்வளவு நீளமாக இந்த இரண்டு வாரத்தில் அவர் பேசவில்லை. மூச்சு வாங்கியது. தண்ணீர் கொடுத்தேன். பிறகு, “கைப்பிடி எங்க?”

பத்திரமாக இருக்கிறது என்றேன்.

ஜனவரி 19, வெள்ளி

விடிய அண்ணை வந்து திருப்பினார், மயிரிழைதான். சத்தம் உருண்டு வருகிறது. இன்னொரு நிமிடம் பதிவு செய்திருக்கிறேன். எட்டு மணிக்கு டொக்டர். மொறிஸில் போகிறேன்.