முதல்ல முதுகு, அப்புறம்தான் லிட்டர்

இரண்டு இரவு மலைநடைக்கு ஒரு பெண் ட்ரெக்கிங் பை வாங்கப் போனால் கடையில் கேட்கும் முதல் கேள்வி, "எத்தனை லிட்டர் வேணும்?" ஜாக்கெட் தைக்கக் கொடுக்கும்போது எத்தனை மீட்டர் துணி என்று மட்டும் கேட்டுவிட்டு எந்த டெய்லரும் விடமாட்டார். தோள், முன்கழுத்து, கைச்சுற்று என்று டேப்பைப் பிடிப்பார். 9 கிலோவை ஏற்றிக்கொண்டு ஆறேழு மணி நேரம் உடம்போடு ஒட்டியிருக்கப் போகிற பைக்கு மட்டும் அளவு எடுக்க யாருக்கும் தோன்றுவதில்லை.

அளவு எடுக்க இஞ்சு டேப்பும் கூட ஓர் ஆளும் போதும். தலையை நன்றாகக் குனிந்தால் பின்கழுத்தின் அடியில் ஓர் எலும்பு முட்டிக்கொண்டு நிற்கும். அதுதான் மேல் புள்ளி. கீழ்ப் புள்ளிக்கு, இரண்டு கைகளையும் இடுப்பில் ஊன்றி, கட்டைவிரல்கள் பின்பக்கம் பார்க்கும்படி வைத்துக்கொள்ளுங்கள். கைக்கு அடியில் இடுப்பெலும்பின் மேல்விளிம்பு தட்டுப்பட வேண்டும். இரண்டு கட்டைவிரல்களுக்கும் நடுவே ஒரு கோடு போட்டால் அது முதுகெலும்பைத் தொடும் இடமே கீழ்ப் புள்ளி. டேப்பை இழுத்துப் பிடிக்காமல், முதுகின் வளைவோடு படியவிட்டு, இரண்டு புள்ளிகளுக்கும் இடைத்தூரத்தைப் பாருங்கள். பெண்களில் பலருக்கு இது 15 முதல் 17 இஞ்சுக்குள் வரும். உயரத்தை வைத்து இதை ஊகிக்க முடியாது. ஐந்தடி இரண்டு அங்குலம் இருப்பவருக்கு 17 இஞ்சு முதுகும், ஐந்தரை அடிக்காரருக்கு கால் நீண்டு முதுகு 15 இஞ்சுமாக இருக்கலாம். 'நான் குள்ளம், எனக்கு ஸ்மால்' என்று கண்ணை மூடிக்கொண்டு வாங்கினால் தப்பாகிவிடுவது இதனால்தான்.

இரண்டாவது அளவு இடுப்பு. இதில் நம் மொழியே கொஞ்சம் காலை வாரிவிடுகிறது. நாம் இடுப்பு என்றால் புடவையைச் செருகும் இடமும் அதுதான், எலும்பு இருக்கும் இடமும் அதுதான். அதனால் பையின் பாரத்தை இடுப்பில் தாங்கும் ஹிப் பெல்ட்டைத் தொப்புளுக்கு நேராக, வயிற்றின் மேல் கட்டிக்கொண்டு நடப்பவர்கள் ஏராளம். வயிற்றில் கட்டினால் தாங்குவதற்கு எலும்பு கிடையாது. மூச்சு முட்டும், பை வழுக்கி இறங்கும், பாரம் மொத்தமும் தோளுக்குப் போய்விடும். பெல்ட் உட்கார வேண்டிய இடம் ஒக்கல்: குடம் உட்காருகிற, குழந்தை உட்காருகிற அதே எலும்பு விளிம்பு. பெல்ட் பட்டையின் அகலத்தில் நடுப்பகுதி அந்த விளிம்பின் மேல் வர வேண்டும். சுற்றளவையும் அந்த இடத்தில்தான் எடுக்க வேண்டும். பேன்ட் சைஸ் இதற்கு உதவாது.

இனி, 'பெண்களுக்கான பை' என்பதில் என்னதான் வித்தியாசம் என்பதற்கு வருவோம். சில மலிவான பைகளில் நிறம் மட்டும்தான் வித்தியாசம். உண்மையாகப் பெண்ணுடம்புக்கு வெட்டிய பையில் மூன்று இடங்களைப் பார்த்தால் தெரிந்துவிடும். தோள்பட்டைகள், அதாவது தோளில் மாட்டும் பட்டைகள், இரண்டும் கழுத்துக்குப் பின்னால் புறப்படும் இடத்தில் நெருங்கி இருக்கும். இடைவெளி அகலமாக இருந்தால் சிறிய தோளில் பட்டை வெளிப்பக்கம் சரிந்துகொண்டே இருக்கும். பட்டை நேராக இறங்காமல் எஸ் வடிவில் வளைந்து மார்பைச் சுற்றிப் போகும். ஹிப் பெல்ட்டைக் கழற்றி மேஜையில் விரித்தால் நேர்கோடாக இல்லாமல் ஒரு வில் போல வளைந்திருக்கும், மேல்விளிம்பு குறுகியும் கீழ்விளிம்பு அகன்றும். டாய்ட்டர் கம்பெனிப் பைகளில் 'எஸ்.எல்.' என்று பெயரோடு வருவதும், ஆஸ்ப்ரேயில் ஏஜா, ஏரியல், கிரிகரியில் மேவன் என்று தனிப் பெயரில் வருவதும் இந்த வெட்டுதான். டெக்கத்லானின் ஃபோர்க்ளாஸ் பிராண்டிலும் பெண்களுக்கான மாடல்கள் உண்டு. முதுகு நீளமும் தோள் அகலமும் உள்ள பெண்ணுக்கு ஆண்கள் பை கச்சிதமாகப் பொருந்தினால் தாராளமாக அதையே எடுக்கலாம். பெல்ட் எட்டாத பருமனான உடம்புக்கு ஆஸ்ப்ரே, கிரிகரி இரண்டுமே நீளம் கூட்டிய பெல்ட்டும் பட்டையும் வைத்த மாடல்களைத் தருகின்றன.

இப்போது லிட்டர். எங்கே தங்கப் போகிறோம் என்பது முடிவானால் இதுவும் முடிவாகிவிடும். மூணாறு பக்கம் மீசைப்புலிமலைக்கு (2640 மீ) கேரள வனவளர்ச்சிக் கழகம் வழியாகப் போனால் கூடாரமும் சாப்பாடும் முகாமிலேயே கிடைக்கும். அகத்தியர்கூடத்திலும் (1868 மீ) அதிருமலை முகாமில் கொட்டகை இருக்கிறது. கூடாரம் தூக்க வேண்டியதில்லை. (கேரள உயர் நீதிமன்றத்தின் 2018 தீர்ப்புக்குப் பிறகு, 2019 ஜனவரியில்தான் அந்த உச்சிக்குப் பெண்களுக்கு வழி திறந்தது என்பதையும் சொல்லி வைக்கலாம்.) இப்படிப்பட்ட நடைகளுக்கு 30 முதல் 38 லிட்டர் போதும். உத்தராகண்டின் நாக் திப்பா (3022 மீ) போன்ற இடத்துக்குக் குளிர்காலத்தில் சொந்தக் கூடாரம், ஸ்லீப்பிங் பேக்கோடு போகிறீர்கள் என்றால் 45 முதல் 55 வேண்டும். 60, 65 எல்லாம் இரண்டு இரவுக்கு அதிகம். காலி இடம் இருந்தால் கை சும்மா இருக்காது. இன்னொரு ஸ்வெட்டர், இன்னொரு ஜோடிச் செருப்பு என்று போய்க்கொண்டே இருக்கும்.

எடைக் கணக்கைத் தாளில் போட்டுப் பாருங்கள். பை 1.5 கிலோ. இருவர் கூடாரத்தில் உங்கள் பங்கு 1.2. ஸ்லீப்பிங் பேக் 1. படுக்க விரிக்கும் மேட் 0.4. துணியும் மழைக்கோட்டும் 1.2. இரண்டு நாள் தின்பண்டமும் சாப்பாடும் 1.2. தண்ணீர் 2. டார்ச், மருந்து, பவர் பேங்க், சில்லறைச் சாமான் 0.5. கூட்டினால் 9 கிலோ. பாரம் உடல் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்குள் இருக்க வேண்டும் என்பது பழகிய கணக்கு: 55 கிலோ உள்ளவருக்கு 11 கிலோ, 45 கிலோ உள்ளவருக்கு 9. அதாவது மெலிந்த உடம்புக்காரருக்கு இந்தப் பட்டியலே எல்லைக்கோட்டில் நிற்கிறது. வெறும் பையே 2.3 கிலோ இருக்கும் கனத்த மாடலை அவர் வாங்கினால் போச்சு. எடையை லேபிளில் பாருங்கள். லேபிளில் இல்லாவிட்டால் தராசில் வையுங்கள்.

கடையில் காலிப் பையை மாட்டிக் கண்ணாடி பார்ப்பதால் ஒன்றும் தெரியாது. எந்தப் பையும் காலியாக இருந்தால் சுகமாகத்தான் இருக்கும். 8 கிலோ போடச் சொல்லுங்கள். எடைப்பை இல்லாத கடையில் ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில் எட்டு போதும். ஆன்லைனில் வாங்கியிருந்தால் வீட்டில் 5 கிலோ அரிசிப் பையைப் போர்வையில் சுற்றி நடுவில் வைத்து, மிச்சத்துக்குத் தண்ணீர் பாட்டில். டேகை மட்டும் பிய்க்காதீர்கள், திருப்பி அனுப்ப வேண்டி வரலாம்.

மாட்டும் வரிசை முக்கியம். எல்லாப் பட்டைகளையும் தளர்த்திவிட்டு ஆரம்பியுங்கள். முதலில் ஹிப் பெல்ட்டை ஒக்கல் எலும்பில் உட்கார வைத்து இறுக்குங்கள். பிறகு தோள்பட்டையைக் கீழ்நோக்கி இழுங்கள். பட்டை தோளைத் தழுவ வேண்டும், அழுத்தக் கூடாது. தோளுக்கு மேலே பையின் தலையிலிருந்து வரும் சின்ன வார் இருக்கிறதே, லோட் லிஃப்டர், அதை இழுத்தால் மேல்பாரம் முதுகோடு ஒட்டும். அந்த வார் பக்கவாட்டில் பார்க்கும்போது ஏறக்குறைய 45 டிகிரி சாய்வில் மேலேறிப் போக வேண்டும். படுத்துக் கிடந்தால் பை உங்கள் முதுகுக்குச் சிறியது. கடைசியாக நெஞ்சுப்பட்டை: காரை எலும்புக்கு இரண்டு மூன்று சென்டிமீட்டர் கீழே, ஆழ்ந்து மூச்சு விட்டால் தடுக்காத அளவுக்கு. மேலும் கீழும் நகர்த்த முடியாத நெஞ்சுப்பட்டை மார்பின் குறுக்கே வந்து அழுத்தும்; அந்தப் பையை அங்கேயே வைத்துவிடுங்கள்.

பெல்ட் மாட்டிய பின் பக்கிளின் இரண்டு பக்கத்து மெத்தைகளுக்கும் நடுவே ஒரு கையகலம் இடைவெளி இருக்க வேண்டும். மெத்தைகள் ஒன்றையொன்று தொட்டுவிட்டால் அதற்குமேல் இறுக்க இடமில்லை. ஒல்லியான பெண்களுக்குப் பெரும்பாலான பைகள் தோற்பது இங்கேதான். இன்னொரு சோதனை: தோள்பட்டைகளை முழுக்கத் தளர்த்துங்கள். பை இடுப்பிலேயே நின்றால் பெல்ட் வேலை செய்கிறது. சரிந்து இறங்கினால் அது வெறும் அலங்காரம்.

அப்படியே ஒரு கால்மணி நேரம் நடங்கள், படி ஏறி இறங்குங்கள். விரல் நுனி மரத்தால் பட்டை அக்குளோரம் நரம்பை அழுத்துகிறது. தொடையின் வெளிப்பக்கம் மரத்தால் பெல்ட் கீழே இறங்கி நரம்பைப் பிடிக்கிறது. பழகினால் சரியாகிவிடும் என்று கடைக்காரர் சொன்னால் நம்ப வேண்டாம். செருப்பு பழகலாம், நரம்பு பழகாது.

சோதிக்கும்போது மலையில் போடப்போகும் உடையையே போட்டுக்கொள்ளுங்கள். நீளக் குர்தா பெல்ட்டுக்கு அடியில் மடிப்பு மடிப்பாகச் சுருண்டுகொள்ளும்; மூன்றாவது மணி நேரத்தில் அந்த மடிப்பு கத்திபோல் அறுக்கும். சுடிதார் நாடா முடிச்சும் அப்படியே. எலாஸ்டிக் இடுப்புள்ள பேன்ட்டும் குட்டை டாப்பும் நல்லது. உள்ளாடைப் பட்டையின் கொக்கி தோள்பட்டைக்கு அடியில் மாட்டினால் தோல் உரியும், கொக்கியில்லாத ஸ்போர்ட்ஸ் பிரா அதற்காகத்தான். தாலிக்கொடி நெஞ்சுப்பட்டைக்கு அடியில் சிக்காமல் உள்ளே போட்டு ஊக்குக் குத்திக்கொள்ளுங்கள். நீண்ட பின்னல் லோட் லிஃப்டரில் மாட்டி இழுபடும், கொண்டையாக்கினால் பையின் தலையில் இடிக்கும். பின்னலை முன்பக்கம் போட்டுக்கொள்வதுதான் வழி.

முதுகுப் பக்கம் இரண்டு வகை. வலையை இழுத்துக் கட்டி, பைக்கும் முதுகுக்கும் நடுவே காற்று போக வைத்தது ஒன்று. நுரை மெத்தை நேராக முதுகில் படிவது இன்னொன்று. நம் மலைகளின் புழுக்கத்துக்கு வலைமுதுகு சொர்க்கம். ஆனால் பாரத்தைச் சில சென்டிமீட்டர் பின்னுக்குத் தள்ளுவதால் பை பின்னால் இழுக்கும். 9 கிலோ வரை வலை, அதற்குமேல் நுரை என்பது என் பரிந்துரை. எதுவானாலும் உள்ளே சட்டம் வேண்டும்: அலுமினியப் பட்டையோ, கம்பியோ, கெட்டிப் பிளாஸ்டிக் தகடோ. பையைத் தரையில் நிறுத்தி மேலிருந்து அமுக்குங்கள். துணிமூட்டை போல மடங்கிச் சரிந்தால் பாரம் இடுப்புக்கு இறங்காது. சந்தையில் மலிவாகத் தொங்கும் '60 லிட்டர் ரக்சாக்' பலதும் இந்தச் சோதனையில் விழுந்துவிடும். அவற்றின் ஹிப் பெல்ட்டும் மெத்தையில்லாத வெறும் நாடாதான்.

பைகளில் அடுத்து பார்க்க வேண்டியது, மாட்டியபடியே தண்ணீர் பாட்டிலை எடுத்துத் திரும்ப வைக்க முடிகிறதா என்பது. எடுக்க முடிவதும் திரும்ப வைக்க முடியாததும் சகஜம். வெளியே இழுபடும் வலைப்பாக்கெட் ஒன்று கட்டாயம்: ஈர மழைக்கோட்டுக்கும், ஒளிபுகாத ஜிப் கவரில் பயன்படுத்திய நாப்கின்களைத் திரும்பக் கொண்டுவரவும். அவற்றைக் காட்டில் புதைத்தால் விலங்குகள் தோண்டி எடுத்துவிடும்.

மழையுறையை மட்டும் நம்பாதீர்கள். அது முதுகுப்பக்கத்தை மூடாது. உங்கள் முதுகில் வழியும் தண்ணீர் அந்த வழியாக உள்ளே போகும். தடித்த பெரிய பாலிதீன் பையை உள்ளே விரித்து, சாமானை அதற்குள் வைத்து வாயை முறுக்கிக் கட்டினால் ஸ்லீப்பிங் பேக் நனையாது. அடியில் ஸ்லீப்பிங் பேக், முதுகை ஒட்டி நடுவில் கனமானவை, மேலே மழைக்கோட்டும் நொறுக்குத்தீனியும்.

முதலில் உடைவது எப்போதும் ஹிப் பெல்ட் பக்கிள்தான், அதுவும் மலையில் அல்ல. பஸ்ஸிலும் வேனிலும் பையை ஏற்றும்போது தொங்கும் பெல்ட் கதவிடுக்கில் மாட்டி நசுங்கும். ஏற்றுமுன் பெல்ட்டைப் பையைச் சுற்றி மாட்டி வையுங்கள். பை ரிப்பேர்க் கடையில் அதே அகலத்தில் ஒரு பக்கிள் வாங்கி மேல்பாக்கெட்டில் போட்டு வையுங்கள். நாடாவின் அகலத்தை அளந்துகொண்டு போங்கள், அரை சென்டிமீட்டர் மாறினாலும் வழுக்கும்.

திரும்பி வந்ததும் வாஷிங் மெஷினில் போடாமல், மிதமான சோப்புத் தண்ணீரில் ஸ்பாஞ்சால் துடைத்து, நிழலில் எல்லா ஜிப்பையும் திறந்து தொங்கவிடுங்கள். சென்னை போன்ற கடலோர ஊரில் ஈரத்தோடு பரணில் ஏற்றினால் துணியின் உள்பூச்சு பிசுபிசுத்து, அடுத்த சீசனில் செதில் செதிலாக உரிந்து ஸ்வெட்டரில் ஒட்டும். ஒருமுறை உரிய ஆரம்பித்த பூச்சைத் திரும்ப ஒட்ட வைக்க முடியாது. பரணைவிட அலமாரிக்குப் பின்னால் ஆணியில் காற்றாடத் தொங்கட்டும்.