உடைத்த பிறகே விலை பேசினோம்

எங்கள் வீடு பழைய அடுக்குக் கட்டடம் ஒன்றின் நடுத்தளத்தில் இருக்கிறது. குளியலறைக்கும் சமையலறைக்கும் பொதுவாக ஒரே சுவர். இரண்டுக்குமான குழாய்கள் எல்லாம் அந்தச் சுவருக்குள்ளேதான் ஓடுகின்றன. கீழ்வீட்டுக் கூரையில் ஓதம் பரவியபோது இரண்டு அறைகளிலும் ஒன்றாகவே டைல்ஸை மாற்றிவிடுவது என்று தீர்மானித்தோம். என்ன நிறம், என்ன வடிவம் என்பதைப் பற்றி எழுதப் போவதில்லை. அது வீட்டில் இருப்பவர்கள் வாதாடித் தீர்த்துக்கொள்ள வேண்டிய விவகாரம். பழைய வீட்டுக்கு ஏற்ற டைல்ஸ் மேஸ்திரியை எப்படிப் பிடித்தோம், அவருடன் எதையெல்லாம் முன்கூட்டியே பேசி எழுதிக்கொண்டோம் என்பதைத்தான் சொல்ல நினைக்கிறேன்.

விலை சொல்ல வந்தவர்களில் ஒருவர் கைபேசியில் நாலைந்து படம் அனுப்பச் சொன்னார். நீளம், அகலம் கேட்டார். அன்றைக்கே விலை சொல்லிவிட்டார். இன்னொருவர் நேரில் வந்து நன்றாகத்தான் அளந்தார், ஆனால் சுவரைக் கையால் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. மூன்றாவதாக வந்தவர் பழைய டைல்ஸ் மேலேயே புதியதை ஒட்டிவிடலாம், தூசியும் இல்லை, குப்பையும் இல்லை என்றார். அடித்தளம் உறுதியாகவும் காய்ந்தும் இருந்தால், பிரைமர் என்ற முறையான அடிப்பூச்சும் நல்ல பசையும் போட்டு அப்படி ஒட்டுவதில் தவறில்லை. ஆனால் தரை உயர்ந்து கதவு தட்டும், தளத்தின் மீது எடை கூடும், எல்லாவற்றுக்கும் மேலாக எங்கள் வீட்டுக் கசிவு அடியிலேயே பத்திரமாக இருந்துகொண்டிருக்கும். அதனால் அவரையும் அனுப்பிவிட்டோம்.

கடைசியில் நாங்கள் அமர்த்தியவர் முதல் சந்திப்பில் விலையே சொல்லவில்லை. ரசமட்டமும் இரண்டு மீட்டர் நீளமுள்ள மட்டக்கோலும் கொண்டுவந்திருந்தார். கோலைச் சுவரில் நெடுக்காகவும் குறுக்காகவும் வைத்து இடைவெளியைப் பார்த்தார். கரணையின் பிடியால் டைல்ஸைத் தட்டி, எங்கெங்கே பொள்ளல் சத்தம் வருகிறது என்று பென்சிலால் குறித்தார். குழாய்களை எப்போது மாற்றினீர்கள், கீழே யார் குடியிருக்கிறார்கள், தண்ணீரை மூடும் வால்வு உங்கள் வீட்டுக்குத் தனியாக இருக்கிறதா அல்லது கட்டடம் முழுவதற்கும் ஒன்றா என்று வரிசையாகக் கேட்டார். பிறகு, "திறந்து பார்க்காமல் விலை சொன்னால், எதற்கும் இருக்கட்டும் என்று கூட்டித்தான் சொல்வேன். அப்போது நஷ்டம் உங்களுக்கு. குறைத்துச் சொல்லி மாட்டிக்கொண்டால் நஷ்டம் எனக்கு. அதைச் சரிக்கட்ட நான் எங்கேயாவது கை வைப்பேன், அதுவும் கடைசியில் உங்கள் தலையில்தான் விடியும்" என்றார். இவ்வளவு வெளிப்படையாகப் பேசுகிறவரை விடக் கூடாது என்று எனக்குத் தோன்றியது.

ஆகவே வேலையை இரண்டு ஒப்பந்தங்களாகப் பிரித்தோம். முதலாவது, உடைத்து அகற்றுவதற்கு மட்டும், நாள் கூலியில். அது முடிந்ததும் இருவரும் திறந்த சுவரைச் சேர்ந்து பார்ப்பது, அதன் பிறகே டைல்ஸ் வேலைக்கு விலை பேசுவது. விலை ஒத்துவராவிட்டால் யாரும் யாரையும் பிடித்துவைக்கக் கூடாது. இதை ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்திட்டோம். இப்படிப் பிரிக்கச் சம்மதிக்காத மேஸ்திரிகளும் உண்டு. உடைத்துப் போட்ட வீட்டில் வேறு ஆளுக்கு வேலை போய்விடுமோ என்ற பயம் அவர்களுக்கு. அது நியாயமான பயம்தான். அதனால்தான் உடைப்புக் கூலியில் நான் பேரம் பேசவில்லை.

உடைக்கத் தொடங்கும் முன் ஒரு விஷயம். சமையலறைத் தரையின் ஓரத்தில் மேல் அடுக்கு பெயர்ந்திருந்த இடத்தில், அதற்கு அடியில் பழைய வினைல் ஓடுகளும் அவற்றை ஒட்டிய கறுப்புப் பசையும் தெரிந்தன. அந்தக் காலத்து வினைல் ஓடுகளிலும், குறிப்பாக 9 அங்குலச் சதுர ஓடுகளிலும், அந்தக் கறுப்புப் பசையிலும், மூச்சோடு போனால் நுரையீரலைக் கெடுக்கும் ஆஸ்பெஸ்டாஸ் நார் கலந்திருக்க வாய்ப்புண்டு. கண்ணால் பார்த்து யாராலும் சொல்ல முடியாது. மாதிரியை ஆய்வகத்துக்கு அனுப்பி, இல்லை என்று முடிவு வந்த பிறகுதான் சம்மட்டியை எடுக்கவிட்டோம். இருக்கிறது என்று வந்திருந்தால் அதை அகற்றுவதற்கே பயிற்சி பெற்ற வேறு ஆட்கள் வந்திருக்க வேண்டும். சாதாரண டைல்ஸ், சிமெண்டுத் தூசியும் லேசானதல்ல. அதிலுள்ள சிலிகாத் தூசியை, மூச்சோடு உள்ளே போகும்போது புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று பன்னாட்டுப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 1997இலேயே வகைப்படுத்திவிட்டது. டைல்ஸை வெட்டும்போது தண்ணீர் விட்டுத்தான் வெட்ட வேண்டும், வேலை செய்கிறவர்கள் முகக்கவசம் போட வேண்டும் என்பதை ஒப்பந்தத் தாளிலேயே சேர்த்திருந்தோம். மேஸ்திரிக்கு இதில் ஆட்சேபம் இல்லை. அவருடைய உதவியாளருக்குத்தான் கவசம் மூக்கைவிட்டுக் கழுத்துக்கு இறங்கிக்கொண்டே இருந்தது.

திறந்த பிறகு தெரிந்தவை இவை. குளியலறைத் தரையில் ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு அடுக்கு டைல்ஸ். அதற்குக் கீழே கனமான மணல் சாந்துப் படுகை, கையில் எடுத்தால் ஈரம். நீர் கசியாமல் தடுக்கும் பூச்சு என்று எதுவும் எங்கேயும் இல்லை. சுவருக்குள் இருந்த இரும்புக் குழாய் திருகு மரைகளில் துருவேறி மெலிந்திருந்தது. சமையலறைச் சுவரின் பழைய சுண்ணாம்புப் பூச்சு விரலால் கீறினாலே உதிர்ந்தது. இதில் எதையும் படம் பார்த்து விலை சொன்னவரால் கணக்கில் சேர்த்திருக்க முடியாது.

இரண்டாவது ஒப்பந்தத்தின் பெரும்பகுதி டைல்ஸுக்கு அடியில் நடக்கும் வேலையைப் பற்றியதாகவே அமைந்தது. செங்கல் தெரியும்வரை பூச்சை நீக்கி, தூக்குக்குண்டு பிடித்துப் புதிதாகப் பூச வேண்டும். தரைச் சாந்து காயப் போதுமான காலம் விட வேண்டும். ஒரு மில்லிமீட்டர் கனத்துக்கு ஏறக்குறைய ஒரு நாள் என்பது பொதுவான கணக்கு, குளிர்ந்த, காற்றோட்டமில்லாத அறையில் இன்னும் கூடும். வடிகாலை நோக்கிய வாட்டம் மீட்டருக்கு 2 சென்டிமீட்டர். சுவரும் தரையும் சேரும் மூலைகளில் நீர் தடுக்கும் நாடாப் பட்டை வைத்து, அதன் மேல் வாட்டர்புரூஃபிங் பூச்சு இரண்டு கை. டைல்ஸும் அவற்றின் இடுக்கில் அடைக்கிற கிரவுட்டும் தண்ணீரைத் தடுத்துவிடும் என்று பலர் நம்புகிறார்கள். அவை தண்ணீரின் பெரும்பகுதியை வடிகாலுக்குத் திருப்பிவிடுகின்றன. கிரவுட் வழியே இறங்கும் மிச்சத்தைத் தடுப்பது இந்தப் பூச்சுதான்.

எங்களுக்குள் உண்மையான வாக்குவாதம் ஒட்டும் பொருளைப் பற்றித்தான் வந்தது. மேஸ்திரி மணலும் சிமெண்டும் கலந்து ஒட்டிப் பழகியவர். "முப்பது வருடத்துக்கு முன்னால் ஒட்டியதே இன்னும் விழவில்லை" என்றார். அப்போது ஒட்டியவை தண்ணீர் உறிஞ்சும் பீங்கான் டைல்ஸ். சிமெண்டுப் பாலை உள்ளே இழுத்துக்கொண்டு பிடித்துக்கொள்ளும். நாங்கள் வாங்கியிருந்தவை போர்சலின். அவற்றின் நீர் உறிஞ்சும் தன்மை 0.5 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது என்பதுதான் அந்த வகைக்கே வரையறை. உறிஞ்சாத முதுகில் வெறும் சிமெண்டு உறுதியாகப் பிடிக்காது. பசைப் பைகளில் ஐ.எஸ்.ஓ. 13007 தரப்படி குறியீடு அச்சிட்டிருப்பார்கள். சி1 என்றால் சாதாரணம், சி2 என்றால் பிடிமானம் அதைப் போல இரு மடங்கு; டி என்றால் சுவரிலிருந்து சரியாது, எஸ்1 என்றால் ஓரளவு வளைந்து கொடுக்கும். பழைய கட்டடம் அசையும் என்பதால் தரைக்கு எஸ்1 சேர்ந்த சி2 என்று எழுதிக்கொண்டோம். பசைப் பைகளை நானே வாங்கித் தருவதாகச் சொன்னதும் விவாதம் முடிந்துவிட்டது. பல மேஸ்திரிகளின் தயக்கம் செலவைப் பற்றியதே தவிர, கொள்கையைப் பற்றியதல்ல.

இன்னொரு நிபந்தனையும் இருந்தது. டைலின் முதுகில் நாலு மூலையிலும் நடுவிலும் உருண்டை உருண்டையாகப் பசை வைத்து அழுத்தக் கூடாது. பல் வைத்த கரணையால் ஒரே திசையில் கோடு இழுத்து, பெரிய டைல்ஸுக்கு முதுகிலும் மெல்லியதாகப் பூசித்தான் பதிக்க வேண்டும். ஈரமான இடங்களில் டைலின் அடிப்பரப்பில் 95 சதவீதமாவது பசை படிந்திருக்க வேண்டும் என்று அமெரிக்கத் தரநிலை சொல்கிறது. நான் கேட்கும்போது, பசை ஈரமாக இருக்கையிலேயே ஒரு டைலைப் பிரித்துக் காட்ட வேண்டும் என்று எழுதியிருந்தோம். ஆனால் நான் கேட்கவே தேவைப்படவில்லை. முதல் வரிசையிலேயே அவராகவே ஒன்றைப் பெயர்த்துத் திருப்பிப் பார்த்து, போதாது என்று முணுமுணுத்துவிட்டு, இன்னும் பெரிய பல் உள்ள கரணைக்கு மாறினார்.

பழைய அறைகளில் மூலைமட்டம் என்பது பெயரளவுக்குத்தான். எங்கள் குளியலறையின் எந்த மூலையும் செங்கோணம் இல்லை. இந்த இடத்தில்தான் கைதேர்ந்தவருக்கும் மற்றவருக்கும் உள்ள வேறுபாட்டைப் பார்த்தேன். பசை கலக்கும் முன்பு டைல்ஸைத் தரையில் வெறுமனே பரப்பி, நூல் பிடித்து, துண்டு வெட்டுகள் எங்கே விழும் என்று பார்த்தார். கதவைத் திறந்ததும் கண்ணில் படும் சுவரில் முழு டைல்ஸ் வரும்படியும், ஆப்பு வடிவத்தில் ஒல்லியாகும் துண்டுகள் கதவுக்குப் பின்னால் மறையும்படியும் கோட்டை நகர்த்தினார். நீளமான டைல்ஸைச் செங்கல் அடுக்குப் போலப் பாதிக்குப் பாதி மாற்றி வைக்க நான் ஆசைப்பட்டேன். அவர் இரண்டு டைல்ஸை முகத்தோடு முகம் சேர்த்துப் பிடித்து, ஓரங்களில் வெளிச்சம் தெரிவதைக் காட்டினார். நீளமான டைல்ஸ் நடுவில் லேசாகப் புடைத்திருக்கும். ஒன்றின் நடுவுக்கு நேராக அடுத்ததன் ஓரம் வந்தால் அங்கே விளிம்பு துருத்தி நிற்கும். மூன்றில் ஒரு பங்கு மட்டும் தள்ளி வைத்தோம்.

ஒரு சறுக்கல் நடந்தது, ஆனால் அது டைல்ஸ் ஆட்களால் அல்ல. வாட்டர்புரூஃபிங் முடிந்த பிறகு வந்த குழாய்க்காரர், ஏதோ பிடிப்பு சரியில்லை என்று தரை வடிகாலைத் திருகி அசைத்துவிட்டுப் போயிருக்கிறார். வடிகாலை அடைத்துத் தண்ணீர் தேக்கி, மட்டத்தைச் சுவரில் குறித்து 24 மணி நேரம் விட்டுப் பார்த்தபோது கோடு இறங்கியிருந்தது. கீழ்வீட்டு அக்காவும் மேலே வந்து சொட்டுகிறது என்று சொன்னார். வடிகாலைச் சுற்றிப் பூச்சை வெட்டி எடுத்து, மறுபடி பட்டை வைத்துப் பூசி, காயவைத்து, மீண்டும் தேக்கினோம், கோடு அசையவில்லை. எங்கள் தவணைகளை நாட்கணக்கில் வைக்காமல் இது போன்ற சோதனைகளோடு கட்டியிருந்ததால், இந்தத் தாமதத்தில் யாரும் முகம் சுளிக்கவில்லை. தண்ணீர் நின்றால் ஒரு தவணை, அவ்வளவுதான். குழாய்க்காரரிடமும் இதே போல ஒரு தாளில் எழுதி வாங்கியிருந்தால் மறுபூச்சின் செலவை அவரிடம் கேட்பது எளிதாக இருந்திருக்கும் என்று மேஸ்திரி சொன்னார். பேசிப் பேசிப் பாதியைத்தான் வாங்க முடிந்தது.

இதோடு ஒப்பிட்டால் சமையலறை வேலை விளையாட்டுப் போலத்தான். மேடை பொருத்திய பிறகு அதன் மேல்மட்டத்திலிருந்து சுவர் டைல்ஸைத் தொடங்கினார்கள். அடுப்புக்குப் பின்னால் எண்ணெய்க் கறை பிடிக்காமல் இருக்க எபாக்ஸி கிரவுட். சீக்கிரம் இறுகிவிடும் என்பதால் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து, உடனுக்குடன் துடைத்தார்கள். மேடையும் சுவரும் சேரும் இடத்திலும், குளியலறையின் எல்லா உள்மூலைகளிலும் கிரவுட் கிடையாது, சிலிகான்தான். இரண்டு பரப்புகளும் தனித்தனியாக அசைவதால் அங்கே கிரவுட் போட்டால் வெடிக்கும்.

பசை நன்றாக இறுகிய பிறகு, முதல் நாள் அவர் செய்தது போலவே நானும் கரணைப் பிடியால் வரிசையாகத் தட்டிப் பார்த்தேன். ஜன்னலுக்குக் கீழே ஒன்று பொள்ளலாக ஒலித்தது. அதை மட்டும் மாற்றிய பிறகு கடைசித் தவணையைக் கொடுத்தேன். டைல்ஸ் வாங்கும்போதே பத்துச் சதவீதம் கூடுதலாக வாங்கியிருந்தோம். மிஞ்சியவற்றைப் பெட்டியோடு பரணில் வைத்திருக்கிறோம். பெட்டியில் அச்சிட்டிருந்த நிறத்தொகுதி எண்ணையும் அளவு எண்ணையும் ஒப்பந்தத் தாளின் பின்பக்கத்தில் எழுதிவைத்தாயிற்று. அதே பெயரில் அதே டைல் பின்னாளில் கிடைத்தாலும், இந்த எண்கள் மாறினால் நிறமும் அளவும் சற்று மாறியிருக்கும்.