படிவத்தில் பெயரில்லாத பொருள்: யாழ்ப்பாணத்தில் ஐதரசனுக்கு அனுமதி எடுத்த ஒன்பது மாதம்

எங்கள் வேலைத்தலக் கூரையில் 20 கிலோவாற் சோலார் தகடுகள் ஏறியது 2018 இல். கூரை மின்சாரத்தை மின்சார சபைக்கு விற்கும் நிகரக் கணக்கீட்டுத் திட்டத்தில் அப்போது முதல் ஏழு வருஷம் அலகுக்கு 22 ரூபா, பிறகு பதின்மூன்று வருஷம் 15 ரூபா 50 சதம். ஒப்பந்தத்தில் கையெழுத்து வைத்த அன்று ஏழு வருஷம் எங்கேயோ தூரத்தில் தெரிந்தது. 2025 வந்து கதவைத் தட்டியபோதுதான் கணக்குப் பார்த்தேன். நல்ல வெயில் நாளில் என் கூரை தருவது ஏறத்தாழ 80 அலகு. இனி அதற்குக் கிடைக்கப்போவது 1,240 ரூபா.

அதே வருஷம் சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில், நாட்டின் மின்தேவை மிகவும் குறைந்துவிடும் என்பதால், கூரைச் சோலார் வைத்திருப்பவர்கள் பகல் மூன்று மணி வரை நிறுத்தி வைக்கும்படி அறிவித்தல் வந்தது. பெப்ரவரி 9 ஆம் திகதி பாணந்துறை உப மின்நிலையத்தில் குரங்கு பாய்ந்து நாடு முழுக்க இருண்டதை யாரும் மறந்திருக்கவில்லை. அதனால் காரணம் விளங்கியது. ஆனாலும் கொளுத்துகிற வெயிலில் ஆளியை இறக்கிவிட்டு நின்றபோது மனம் கேட்கவில்லை.

அன்று பின்னேரம் மெல்பேணிலிருந்து அக்காவின் மகன் தொலைபேசி எடுத்தான். "மாமா, வீணாப் போற கரண்டில ஐதரசன் செய்யலாமே. இங்க தஸ்மேனியாவில அரசாங்கம் காசு குடுக்குது" என்றான். சொன்னதோடு நிற்காமல் ஒரு கட்டுக் கோப்புகளையும் அனுப்பிவிட்டான்.

எனக்கு ஐதரசன் புதிதில்லை. கட்டாரில் ஒரு சுத்திகரிப்பு ஆலையில் பத்து வருஷம் வேலை செய்தவன். அதன் தீ பகல் வெளிச்சத்தில் கண்ணுக்குத் தெரியாது. கசிவு எரிகிறதா என்று பார்க்க அந்தக் காலத்தில் தும்புத்தடியை முன்னால் நீட்டிக்கொண்டு நடப்பார்களாம். தும்பு பற்றினால் அங்கே தீ. அந்தப் பயமும் மரியாதையும் எனக்கு இன்னும் உண்டு. பக்கத்து வீட்டில் இளைப்பாறிய இரசாயனவியல் ரீச்சர் இருக்கிறார். அவரும் சேர்ந்ததும் நாங்கள் மூன்று பேர் ஆனோம்.

தஸ்மேனியாவின் திட்டம் 2020 இல் வந்தது. மொத்தம் 5 கோடி அவுஸ்திரேலிய டொலர்: 2 கோடி நிதியுதவி, 2 கோடி சலுகைக் கடன், மீதி மின்சார ஏற்பாடு, வரிச்சலுகை போன்ற துணை உதவிகள். நீர்மின்சாரமும் காற்றும் நிறைந்த தீவு அது. ஆனால் முதற்காசு ஆலை கட்டப் போகவில்லை, சாத்தியக்கூற்று ஆய்வுகளுக்குப் போனது. அதை வாசித்தபோது, "படிக்கவே காசா?" என்று சிரித்தேன். பிறகு சிரிக்கவில்லை.

முதலில் போனது தொழில் வளர்ச்சிக்கென்று உள்ள ஒரு கந்தோருக்கு. பெயர் வேண்டாம், அங்கிருந்த தம்பி உண்மையில் நல்ல பிள்ளை. படிவத்தில் 'உற்பத்திப் பொருள்' என்று ஒரு கட்டம். பக்கத்தில் கணினியில் ஒரு பட்டியல்: உணவு, ஆடை, பனை சார்ந்தவை, கடல் உணவு, தும்பு... அதில் இருக்கிற ஒன்றைத்தான் தெரிவு செய்யலாம். "ஐதரசன் எண்டா பலூனுக்கு அடிக்கிறதோ அண்ணை?" என்று கேட்டார். கடைசியில் 'வேறு' என்பதைத் தட்டினார். 'வேறு' என்று போன கோப்பு எந்த மேசைக்கு வரும் என்று எனக்கு அனுபவம் உண்டு. எந்த மேசைக்கும் வராது.

ஐதரசன் யாருடைய பிள்ளை என்று தேடத் தொடங்கினோம். சூரியனும் காற்றும் ஒரு அதிகாரசபையின் கீழ். இலங்கைக்கான ஐதரசன் வழிகாட்டி வரைபடத்தை 2023 இல் வெளியிட்டது பெற்றோலிய அபிவிருத்தி அதிகாரசபை. நிலத்தடி எண்ணெயையும் எரிவாயுவையும் தேடுவதற்கென்று 2021 ஆம் ஆண்டுச் சட்டத்தால் உருவான அமைப்பு அது. வாயு என்ற உறவில் வந்த பிள்ளையாக இருக்கலாம். வரைபடம் நாட்டைப் பற்றிப் பேசுகிறது. கோண்டாவிலில் ஒரு லேத் பட்டறைக்காரனைப் பற்றிப் பேசவில்லை, பேசவேண்டியதும் இல்லை. கொழும்பில் வேறொரு கந்தோருக்கு எழுதிய கடிதத்துக்குப் பதில் வர ஏழு கிழமை. 'தற்போது இவ்வாறான சிறிய செயற்திட்டங்களுக்கான ஏற்பாடு இல்லை' என்று இரண்டு வரி.

அக்கரையில் நிலைமை வேறு. இந்தியா 2023 ஜனவரியில் 19,744 கோடி ரூபாய் ஒதுக்கிப் பசுமை ஐதரசன் இயக்கத்தைத் தொடங்கியது. தூத்துக்குடித் துறைமுகத்தில் மணிக்கு 10 கன மீற்றர் தருகிற ஒரு மாதிரி ஆலை 2025 செப்டெம்பரில் திறக்கப்பட்டது. அதில் எரிவது தெருவிளக்குகளும், மின்வாகனம் சார்ஜ் செய்யும் ஓர் இடமும்தான். இதை ரீச்சருக்குக் காட்டியபோது, "அவ்வளவு சின்னதா?" என்றார். எங்கள் திட்டத்தின் அளவைக் குறைக்கும் எண்ணம் அன்றுதான் வந்தது.

முதல் கணக்கு பெரிய கணக்கு. தண்ணீரை மின்சாரத்தால் பிரித்து ஒரு கிலோ ஐதரசன் செய்ய 50 முதல் 55 அலகு வேண்டும். என் கூரையின் 80 அலகுக்கு ஒன்றரைக் கிலோ. அதில் இருக்கிற வெப்பம் ஏறத்தாழ 5 லீற்றர் டீசல். இரவில் எரிபொருட்கலத்தில் போட்டுத் திரும்ப மின்சாரமாக எடுத்தால், கொடுத்ததில் மூன்றில் ஒரு பங்கு வந்தால் பெரிய காரியம். "இதுக்கு பற்றரி வாங்கி வைக்கலாமே தம்பி" என்றார் ரீச்சர். சரிதான். இரவு ஒரு பொழுதைத் தாண்ட பற்றரியை வெல்ல முடியாது. நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவுக்கு இந்திய நன்கொடையில் 2024 மார்ச்சில் ஒப்பந்தமான திட்டத்திலும் சூரியன், காற்று, பற்றரி, துணைக்கு டீசல்தான். ஐதரசனுக்கு நியாயம் இருந்தால் அது மாதக்கணக்கில் சேமிக்கிற இடத்தில் இருக்கும். சோழகம் அள்ளி வீசுகிற ஆடி ஆவணியின் காற்றை ஐப்பசி மழை மூட்டத்துக்கு வைத்திருப்பது அப்படியான வேலை. அது ஒரு பட்டறையின் வேலையில்லை, ஒரு மாகாணத்தின் வேலை.

ஆனால் ரீச்சர் கரும்பலகைப் பழக்கத்தில் இன்னொரு வரி எழுதினார். ஒரு கிலோ ஐதரசன் வரும்போது எட்டுக் கிலோ ஒட்சிசனும் வரும். அதை நான் ஏன் முதலிலேயே யோசிக்கவில்லை! வெல்டிங் பட்டறைக்காரன் நான். மாதாமாதம் தெற்கிலிருந்து வருகிற ஒட்சிசன் சிலிண்டருக்குக் காசு கட்டுகிறவன். பெரிய சிலிண்டர் ஒன்றில் 7 கன மீற்றர் அளவில் இருக்கும். ஒரு கிலோ ஐதரசனோடு கிட்டத்தட்ட 5.6 கன மீற்றர் ஒட்சிசன் சும்மா வருகிறது. (சிலிண்டருக்குள் அமுக்கி அடைப்பது வேறு கதை. எண்ணெய் ஒரு துளி பட்டாலும் ஆபத்து, அந்தக் கொம்பிரசரின் விலையும் வேறு. அதனால் அமுக்கவில்லை.)

இந்தக் கணக்கோடு ஓர் உதவித்திட்ட நேர்முகத்துக்குப் போனேன். மூன்று பேர் இருந்தார்கள். தொழில்நுட்பத்தைப் பற்றி ஒரு கேள்வியும் இல்லை. நடுவில் இருந்த அம்மா மட்டும் கேட்டார்: "ஐயா, இதை ஆர் வாங்குவினம்?" நான் 'எதிர்காலச் சந்தை' என்று எழுதியிருந்த பக்கத்தைக் காட்டினேன். அவர் அதை வாசித்துவிட்டு மூடிவைத்தார். விண்ணப்பம் போய்விட்டது. கோபம் வந்தது, ஆனால் கேள்வி சரியான கேள்வி. அவுஸ்திரேலியாவிலும் 2024 இல் ஒரு பெரிய நிறுவனம் ஹண்டர் பள்ளத்தாக்கு ஐதரசன் திட்டத்திலிருந்து விலகியது, சந்தை எதிர்பார்த்த வேகத்தில் வரவில்லை என்று. படிக்கக் காசு கொடுத்த தஸ்மேனியாக்காரரை நினைத்துக்கொண்டேன்.

வாங்கும் ஆளைக் கஸ்தூரியார் வீதியில் கண்டுபிடித்தேன். நகை செய்யும் பத்தர் ஒருவர். பொடி வைத்து ஒட்டுகிற வேலைக்கு ஊசி போன்ற, கரி படியாத தீ வேண்டும். ஐதரசனும் ஒட்சிசனும் சேர்ந்த தீ அப்படிப்பட்டதுதான். அவர் ஒரு கடிதம் எழுதித் தந்தார். ஒட்சிசனுக்கு என் பட்டறையே வாடிக்கை.

அளவைக் குறைத்தோம். ஒரு கிலோவாற் மின்பகுப்பு இயந்திரம்: மணிக்கு 200 லீற்றர் ஐதரசன், 100 லீற்றர் ஒட்சிசன். ஒரு கிலோ சேர 55 மணித்தியாலம் ஓடவேண்டும். சிரிப்பாகத்தான் இருக்கும். ஆனால் அனுமதி கேட்கும்போது சிறியதாக இருப்பது எவ்வளவு பெரிய வசதி என்று பிறகு கண்டேன்.

அனுமதிக்கு முன்னால் ஊர். சனசமூக நிலையத்தில் ஒரு ஞாயிறு பின்னேரம் நாற்பது பேர் அளவில் வந்தார்கள். வெடிக்குமா என்று கேட்பார்கள் என நினைத்து அதற்கே தயாராகிப் போனேன். முதல் கேள்வி ஒரு ஆச்சியிடமிருந்து: "எங்கட கிணத்துக்கு என்ன வரும்?" சுன்னாகத்துக் கிணறுகளில் எண்ணெய் மிதந்ததைப் பார்த்த சனம். ஆறில்லாத ஊரில் சுண்ணாம்புப் பாறைக்குள் இருக்கிற தண்ணீர்தான் எல்லாமே. அதிலும் கடல் ஏறிக்கொண்டிருக்கிறது. நான் அவசரத்தில், "ஒண்டும் வராது அம்மா, வெறும் தண்ணிதான்" என்று சொல்லிவிட்டேன். பொய்யில்லை, ஆனால் முழு உண்மையும் இல்லை. எங்கள் கிணற்றுத் தண்ணீரின் உப்பையும் சுண்ணாம்பையும் வடிகட்டித்தான் இயந்திரத்துக்கு விடவேண்டும், வடித்த பிறகு மிஞ்சுகிற உப்புத்தண்ணீர் எங்கோ போகவேண்டும். ரீச்சர் எழும்பி அதைச் சொன்னார். ஒரு கிலோவுக்கு ஒன்பது லீற்றர் சுத்தமான தண்ணீர், வடித்தெறிவது அதைவிடக் கொஞ்சம் கூட, நாங்கள் செய்யப்போவது நாளுக்கு நூறு கிராம் என்று விரல்விட்டு எண்ணிக் காட்டினார். வெங்காயத் தோட்டத்துப் பம்பு நாலைந்து செக்கனில் இறைப்பது எங்களுக்கு ஒரு நாளைக்குப் போதும். மிச்சத் தண்ணீரை மழைநீர்த் தாங்கியில் கலந்து தென்னைக்கு விடுவதாக எழுதிக் கையெழுத்து வைத்தேன். காரக் கரைசல் தேவைப்படும் மலிவான இயந்திரத்தை விட்டு, மென்சவ்வு வைத்த விலை கூடியதை எடுக்கத் தீர்மானித்ததும் அந்தக் கூட்டத்துக்குப் பிறகுதான். அன்று ரீச்சர் எழும்பாமல் இருந்திருந்தால் இதை எழுத எனக்குக் கதை இருந்திருக்காது.

பிறகு கந்தோர் கந்தோராக. விதானையாரின் கடிதம், உறுதிக் கொப்பி, கட்டட வரைபடம், பிரதேச சபையின் தொழில் அனுமதி, சுற்றாடல் அனுமதி, தீப்பாதுகாப்பு அறிக்கை. இவற்றில் மாட்டியது ஒரே இடத்தில். ஓர் அலுவலர் சமையல் எரிவாயுக் களஞ்சியத்துக்கான நிபந்தனைகளை அப்படியே எங்களுக்கும் போட்டார்: காற்றோட்டத் துவாரங்கள் நிலமட்டத்தில் வேண்டும். எரிவாயு காற்றைவிடக் கனம், கசிந்தால் தரையில் தங்கும். ஐதரசன் காற்றைவிடப் பதினான்கு மடங்கு இலேசு, கசிந்தால் முகட்டுக்கு ஓடும். கீழே துளை வைத்து மேலே அடைத்தால் முகட்டில்தான் சேரும். காற்றில் 4 சதவீதம் சேர்ந்தாலே பற்றக்கூடியது. எழுதியிருக்கிறபடி செய்தால் ஆபத்து, செய்யாவிட்டால் அனுமதி இல்லை. ஒரு மாதம் இழுபட்டது. தீயணைப்பில் வேலை செய்த ஒருவர் வந்து ஓட்டுக்கூரையை அண்ணாந்து பார்த்தார். "மேலயும் வையுங்கோ, கீழயும் வையுங்கோ. கீழால காத்து வரட்டும், மேலால போகட்டும்" என்றார். இரண்டு பக்கமும் சரி. முகட்டில் ஓர் உணர்கருவியும் பூட்டினோம்.

காசு கடைசியில்தான் வந்தது. நன்கொடையாக இல்லை, இயந்திரத்தின் பாதி விலைக்கு வட்டி குறைந்த கடனாக. அதே அம்மாதான் நேர்முகத்தில். பத்தரின் கடிதத்தை இரண்டு தரம் வாசித்தார். வேறொன்றும் கேட்கவில்லை.

இயந்திரம் துறைமுகத்துக்கு வந்தபோது ஒரு வேடிக்கை. ஒன்பது மாதம் 'வேறு' என்றிருந்த எங்கள் பொருளுக்குச் சுங்கத்தில் மட்டும் பெயரும் இலக்கமும் இருந்தது: 8543.30, மின்முலாம் பூசவும் மின்பகுப்புச் செய்யவுமான இயந்திரங்கள். உலகம் முழுக்க அதே இலக்கம். அந்தத் தாளைப் படம் எடுத்து மருமகனுக்கு அனுப்பினேன்.

இப்போது வெயில் நாட்களில் ஆறு மணித்தியாலம் ஓடுகிறது. அனுமதி ஒரு வருஷத்துக்குத்தான். போன கிழமை பத்தர் வந்தார். வெள்ளிக் கொலுசின் கொக்கி ஒன்றைக் கொண்டுவந்து, தன் கையாலேயே ஒட்டிப் பார்த்தார். மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு நகத்தால் சுரண்டினார்.

"நல்லா ஒட்டியிருக்கு. சத்தம்தான் கொஞ்சம் கூட" என்றார். "என்ன விலைக்குத் தருவியள்?"

நானும் ரீச்சரும் ஒருவரை ஒருவர் பார்த்தோம். இரண்டு பேரும் அதை இன்னும் கணக்குப் பார்த்திருக்கவில்லை.