வடத்தில் மாட்டும் தகடும் கிறிஸ்துமஸ் தீவின் எலிகளும்

பினாங்குத் துறைமுகத்தில் கப்பல்களின் சுகாதாரத்தைப் பரிசோதிக்கும் பணியிலேயே என் உத்தியோகக் காலத்தின் பெரும்பகுதி கழிந்தது. கப்பலில் ஏறியதும் முதலில் சமையற்கூடத்தையும் அரிசி மூட்டைகள் அடுக்கிய அறையையும் பார்ப்போம். குழாய்கள் சுவரைத் துளைத்துச் செல்லும் மூலைகளில் டார்ச் விளக்கைச் சாய்த்துப் பிடித்தால், எலி ஒரே தடத்தில் உரசி உரசிச் சென்ற இடம் எண்ணெய்ப் பிசுக்கோடு கறுத்துத் தெரியும். புழுக்கையைக் கூட்டித் தள்ளியிருந்தாலும் அந்தக் கறை அப்படியே இருக்கும். பிறகு கரைக்கு இறங்கி, கப்பலைக் கட்டிய ஒவ்வொரு வடத்திலும் எலி ஏறாமல் தடுக்கும் வட்டத் தகடு இடைவெளியின்றிப் பொருந்தியிருக்கிறதா என்று பார்ப்போம்.

புதிதாகச் சேர்ந்த ஒரு தம்பி, "எலிக்குப் போய் இவ்வளவு பாடாண்ணே?" என்று கேட்டார். பிளேக் நோயைச் சொல்லி முடித்துவிடலாம். பயிற்சியிலும் அதைத்தான் சொல்வார்கள். நான் அவருக்குக் கிறிஸ்துமஸ் தீவைப் பற்றிச் சொன்னேன்.

ஜாவாவுக்குத் தெற்கே இந்தியப் பெருங்கடலில் உள்ள அத்தீவு, பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் பினாங்கைப் போலவே பிரிட்டிஷாரின் நீரிணைக் குடியேற்ற ஆட்சியின் கீழ் இருந்தது. உலகில் வேறெங்கும் இல்லாத இரண்டு எலியினங்கள் அங்கே வாழ்ந்தன. மக்ளியர் எலி நன்றாக மரமேறும். அதன் வாலின் முற்பாதி கறுப்பு, நுனிப்பாதி வெள்ளை. இரவில் கூடாரங்களுக்குள் புகுந்து, உறங்குபவர்களின் முகத்தின் மேலேயே ஓடும் அளவுக்கு அது பெருகியிருந்ததை, 1897இல் அங்கே சென்ற இயற்கை ஆய்வாளர் சார்ல்ஸ் ஆண்ட்ரூஸ் எழுதியிருக்கிறார். மற்றொன்று புல்டாக் எலி. முதுகில் தடித்த கொழுப்புப் படலம் கொண்ட, மெதுவாக நகரும் அப்பிராணி, மரவேர்களுக்கடியில் வளை தோண்டி வாழ்ந்தது.

பாஸ்பேட் வெட்டும் வேலைக்காக மனிதர்கள் குடியேறிய பின், 1899இல் இந்துஸ்தான் என்ற கப்பலில் கறுப்பெலிகள் வந்திறங்கின. சில ஆண்டுகளில் நாட்டெலிகள் நோயுற்று, பட்டப்பகலில் பாதைகளில் தள்ளாடி ஊர்ந்து மடிவதைத் தீவிலிருந்தவர்கள் கண்டார்கள். 1908இல் ஆண்ட்ரூஸ் திரும்பிச் சென்றபோது அவற்றில் ஒன்றுகூடக் கிடைக்கவில்லை.

வந்த எலிகள் அவற்றைக் கடித்துக் கொன்றிருக்க வேண்டும் என்றுதான் நானும் முதலில் நினைத்தேன். ஆனால் அருங்காட்சியகத் தோல்களிலிருந்து மரபணுவைப் பிரித்தெடுத்து 2008இல் வெளியான ஆய்வு, டிரிபனோசோம் என்னும் இரத்த ஒட்டுண்ணியைச் சுட்டியது. கறுப்பெலிகள் வருவதற்கு முன் சேகரித்த மாதிரிகளில் அது இல்லை. பின்னர் சேகரித்த சிலவற்றில் இருந்தது. இதைப் பரப்புவது தெள்ளுப்பூச்சி. அத்தகைய கிருமியைச் சந்தித்தே இராத ஓர் இனத்துக்கு, தெள்ளோடு கரையேறிய கறுப்பெலிகளே போதுமானவையாக இருந்திருக்கின்றன. அதனால்தான், இரண்டொரு எலிதானே என்று மாலுமிகள் சொல்லும்போது என்னால் விட்டுக்கொடுக்க முடிந்ததில்லை.

மக்ளியர் எலியை மீட்டெடுக்க முடியுமா என்றும் பார்த்திருக்கிறார்கள். 2022இல் வெளியான ஆய்வில், உறவினமான பழுப்பெலியின் மரபணுத் தொகுதியோடு ஒப்பிட்டு அதன் தொகுதியைச் சேர்த்துப் பார்த்தபோது, ஏறக்குறைய 5 விழுக்காடு மீளவே இல்லை. அப்படிக் கிடைக்காமற்போனவற்றில் மோப்பத்துக்கும் நோய் எதிர்ப்புக்கும் உரிய மரபணுக்கள் உள்ளன.